எங்க வீட்ல கெணறு இல்ல

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தாயி, எனக்கு வேண்டாம். சன்னலோரம் உக்காந்தா வெளிய இருந்து எவனாச்சும் பையைப் புடுங்கிட்டுப் போயிருவான். சாத்தூர்ல ஒருத்திக்கு அப்படித்தான் போச்சு. நான் கண்ணால பாக்கல, சொன்னாக. இந்தப் பையை மட்டும் ரெண்டு பேரு காலுக்கும் நடுவுல வச்சுக்கிடுவோம். உள்ள ஒண்ணும் பெருசா இல்ல. பேத்திக்கு ரெண்டு கவுனு, கொஞ்சம் கருப்பட்டி மிட்டாயி. சத்தமாச் சொல்லக் கூடாது, முன்சீட்டுக்காரன் திரும்பிப் பாக்கான் பாருங்க.

கழுத்துல என்ன அட்டை தொங்குது? பேங்கா? நெசமாவே பேங்குதானா? கோவிச்சுக்கிடாதீக, கேட்டு வச்சுக்கிடுறது நல்லது. இதே மாதிரி அட்டையை மாட்டிக்கிட்டு வந்த ஒரு பிள்ளையாலதான் என் குடும்பம் இன்னைக்கு ரெண்டா கெடக்கு. அதனால அட்டையைக் கண்டாலே கேட்டுருவேன். நீங்க பேங்குன்னா சரி. பேங்குக்கும் எங்க வீட்டுக் கொல்லைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

எனக்கு மாவிலிப்பேட்டை. கோவில்பட்டியில இருந்து கெழக்க போகணும். கேள்விப்பட்டதில்லையா? தண்ணி இல்லாத ஊரை யாரு கேள்விப்படப் போறா. பேருக்கு டவுன் பஞ்சாயத்து. பஸ் ஸ்டாண்டு இருக்கு, நகைக்கடை இருக்கு, கல்யாண மண்டபம் ஏசி போட்டுக் கட்டி வச்சிருக்காக. தண்ணிதான் இல்ல. ஆத்துல இருந்து பைப்பு போட்டிருக்காக, இல்லைன்னு சொல்லல. அது ஊரூராச் சுத்தி எங்களுக்கு வாரப்ப உள்ள காத்துதான் வரும். மழையும் ரெண்டு வருசமாப் பொய்யாப் போச்சு. அப்புறம் லாரித் தண்ணிதான். லாரி வரதுக்கு முந்தியே தெரு முக்குல குடத்தை வரிசையாப் போட்டுரணும். குடம் நின்னா ஆளு நிக்கிற மாதிரி. ஆனா அந்தக் குடத்தை எவ முன்னால நகட்டுறான்னு பாக்க ஒரு ஆளு வேணும்ல? நான்தான் பாப்பேன். சீனித்தாய் நிக்கான்னா ஒருத்தியும் குடத்துல கை வைக்க மாட்டா. எங்க எண்ணெய்க்காரத் தெருவுல எனக்கு அவ்வளவு மரியாதை. பயம்னும் சொல்லலாம்.

சந்தேகப்படுறவன்னு எம் மகன் என்னையக் குத்தம் சொல்றான். ஏன் சந்தேகப்பட மாட்டேன்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால காசு போட்டா நல்ல தண்ணி ஊத்துற மிசினு ஒண்ணு வச்சாக. மேளம் அடிச்சு, ரிப்பன் வெட்டி, வடை கொடுத்தாக. வடை செரிக்கிறதுக்குள்ள மிசினு நின்னு போச்சு. இப்ப அதுக்குள்ள நாய் குட்டி போட்டிருக்கு. அதுக்கு முந்தி மந்தையில போர் போட்டாக. தண்ணி வந்துச்சு, நல்லாத்தான் வந்துச்சு. மறு வருசம் மோட்டாரைக் காணோம். கேட்டா ரிப்பேருக்குப் போயிருக்குன்னாக. எம் மகன் அப்ப பள்ளிக்கூடம் போயிக்கிட்டிருந்தான். இப்ப அவனுக்கே பிள்ளை பெறந்தாச்சு, மோட்டாரு ரிப்பேராயி இன்னும் வரல. அப்ப நான் எப்படித்தான் நம்புறது, சொல்லுங்க.

அந்த அட்டை மாட்டுன பிள்ளை வந்தது போன சித்திரையில. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிக்காரி. உச்சி வெயில்ல ஸ்கூட்டியில வந்து எறங்குனா. கையில ஆழம் அளக்குற டேப்பு, அதோட நுனியில ஈயக்குண்டு கட்டியிருந்தா. வாசல்ல நின்னுக்கிட்டு, "அம்மா, உங்க வீட்டுல பழைய கெணறு இருக்கா?"ன்னா. அதுதான் மொதக் கேள்வி. சௌக்கியமா, எத்தனை பேரு இருக்கீக, ஒரு பேச்சும் கெடையாது. எடுத்த எடுப்புல கெணறு. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு.

"எதுக்குக் கேக்கீக?"ன்னேன்.

"பைப்புத் தண்ணியை மட்டும் நம்பி இனி இந்த ஊரு இருக்க முடியாதும்மா. வேற வழி பாக்கச் சொல்லிப் பஞ்சாயத்துல என்னைய அனுப்பியிருக்காங்க. உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பழைய கெணறு இருக்காமே. மாடியில விழுற மழைத் தண்ணியைக் குழாய் வழியா எறக்கி, ஜல்லியும் மணலும் போட்டு வடிகட்டி, அந்தக் கெணத்துக்குள்ள விடப் போறோம். வீடு வீடா விட்டா தெருவுக்கே அடியில தண்ணி ஏறும்மா. எந்தத் தெருவுல கெணறு கூட இருக்கோ அங்கதான் மொதல்ல. உங்களுக்கு ஒரு செலவும் இல்ல."

செலவு இல்லைன்னா பாத்தீகளா, அங்கதான் எனக்கு உறுதியாச்சு. சும்மா எவன் எதைக் கொடுப்பான்? அதுவும் மழையே இல்லாத ஊர்ல மழைத் தண்ணிக்குக் குழாய் மாட்டுறாளாம். அடுப்பே இல்லாத வீட்டுக்கு அண்டாவைத் தூக்கிட்டு வந்து நிக்கா. நான் அவளை ஏற எறங்கப் பாத்தேன். பாவம் மாதிரிதான் இருந்தா, நெத்தியெல்லாம் வேர்வை. குடிக்கத் தண்ணி கேட்டா. அதுலயும் எனக்கு ஒரு சந்தேகம். இவ தாகத்துக்குக் கேக்காளா, இல்ல எங்க வீட்டுத் தண்ணி என்ன ருசின்னு பாக்கக் கேக்காளா? மோரு கொடுத்தேன்.

"எங்க வீட்ல கெணறு இல்ல"ன்னுட்டேன்.

இருந்துச்சு தாயி. எங்க மாமனாரு வெட்டுனது, கொல்லையில. அது வத்திப்போயி எத்தனையோ காலம் ஆச்சு. பக்கத்து வீட்டு ஆடு ஒண்ணு உள்ள விழுந்து செத்ததுல இருந்து எங்க வீட்டுக்காரரு மேல சிலாப்புக் கல்லைப் போட்டு மூடிட்டாக. அவுக போயிச் சேந்தப்புறம் அதை ஒருத்தரும் கண்டுக்கிடல. எம் மகன் கதிரேசனுக்கும் அது பாழுங்கெணறுன்னுதான் தெரியும்.

இப்ப நான் சொல்றது உங்களோட இருக்கட்டும். நீங்க இந்தப் பக்கத்து ஆளு இல்லைங்கிறதாலதான் சொல்றேன்.

ஜெசிந்தா வரதுக்கு முந்தி, மாசி மாசம், அந்தக் கல்லுல ஒரு ஓரம் ஒடஞ்சிருந்துச்சு. குப்பையை உள்ள தள்ளலாம்னு ஒரு ஓட்டாஞ்சல்லியைப் போட்டேன். களுக்குன்னு சத்தம். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இன்னொண்ணு போட்டேன், மறுபடியும் களுக். கயித்துல செம்பைக் கட்டி எறக்கி ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். உப்புக் கெடையாது, சவறு கெடையாது. எங்க இருந்து ஊத்து தெறந்துச்சோ, அந்தக் காஞ்ச பூமியில எங்க கெணத்துல மட்டும் நல்ல தண்ணி. கும்பிட்டுக்கிட்டேன். அழுதுட்டேன்னுகூடச் சொல்லலாம். அப்புறம் முதல் காரியமா அந்தக் கல்லு மேல வெறகை அடுக்குனேன்.

யாருட்டயும் சொல்லல. கதிரேசன்ட்டச் சொன்னா அவன் பொண்டாட்டிட்டச் சொல்லுவான். அவ இசக்கிராணி, முக்கூடல்காரி, ஆத்தங்கரையில பெறந்தவ. தண்ணியை அளந்து பாத்துப் பழக்கமில்லாத கை. கை கழுவுறதுக்கே ஒரு செம்பு ஊத்துவா. அவ அவங்க அம்மாட்டச் சொல்லுவா, எதுத்த வீட்டு அழகம்மாட்டச் சொல்லுவா. அழகம்மாவுக்குத் தெரிஞ்சா தெருவே எங்க கொல்லையில நிக்கும். அப்ப அந்தத் தண்ணி எத்தனை நாளைக்கு வரும்? அதான் சொல்லல. இது நமக்குக் கெடந்தா போதும், ஒண்ணுமே இல்லாம போற நாளைக்கு ஆகும்னு வச்சுட்டேன். நானும் தொடல, தாயி. ஒரு செம்பு நான் எடுத்திருந்தா என்னையக் கேளுங்க. நானும்தான் லாரிக்கு நின்னேன். நானும்தான் குடம் சொமந்தேன்.

ஆங், ஜெசிந்தா கதையை விட்டுட்டேன். அவ போனதும் நான் சும்மா இருக்கல. நான் வேலை பாக்கிற தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடைச்சுக்கிட்டே எங்க தெருப் பொம்பளைகள்ட்ட எல்லாம் சொல்லிட்டேன். "கெணத்துக்கு மீட்டரு வைக்கப் போறாக. இல்லைன்னா பாட்டில் தண்ணிக் கம்பெனிக்காரன் அனுப்புன ஆளு. அளந்துட்டுப் போயி எழுதி வாங்கிருவாக. ஒருத்தரும் கெணறு இருக்குன்னு மூச்சு விடாதீக"ன்னேன். என் பேச்சைத் தட்ட மாட்டாளுக.

மறுநாளு அவ வீடு வீடாப் பாக்க வந்தப்ப எங்க தெருவைப் பாத்திருக்கணுமே. ஒருத்தி கெணத்து மேல கோழிக் கூடையைக் கவுத்தி வச்சிருக்கா. ஒருத்தி உரலை உருட்டி வச்சிருக்கா. இந்த அழகம்மா இருக்காளே, அவ வீட்டுல கெணறு பெருசு, மூட ஒண்ணும் கெடைக்கல. மேல பலகை போட்டு, பலகைக்கு மேல கட்டிலப் போட்டு, போர்வையைத் தரை வரைக்கும் தொங்க விட்டு, மாமியாரைக் காய்ச்சன்னு படுக்க வச்சுட்டா. காய்ச்சக்காரியை எந்திரின்னா சொல்ல முடியும்? ஜெசிந்தா உள்ள வந்து, "பாட்டி, ஒடம்புக்கு என்ன?"ன்னு அக்கறையாக் கேட்டிருக்கா. அந்தக் கெழவி சும்மா இருக்கலாம்ல. "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தாயி, அடியில இருந்து குளுகுளுன்னு காத்து வருது, நல்லாத் தூக்கம் வருது"ன்னுருக்கு.

சிரிக்கீக. நாங்களும் சிரிச்சோம். ஆனா அந்தப் பிள்ளையும் சிரிச்சுச்சு, அதுதான் எனக்குப் பிடிக்கல. கோவம் வந்து கத்தியிருந்தா நேர்மையான ஆளுன்னு நெனச்சிருப்பேன். சிரிச்சுட்டு, "சரிம்மா, உங்க தெருவுல கெணறு இல்லைன்னு சொல்லிடுறேன். எப்ப இருக்குன்னு தோணுதோ அப்பச் சொல்லுங்க"ன்னு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டா. நேரா கீழத்தெருவுக்குப் போனா. அங்க இருக்கிறவளுக அத்தனை பேரும் கெணத்தைத் தொறந்து காட்டியிருக்காளுக. காபி வேற போட்டுக் கொடுத்தாளுகளாம். ஆவணிக்குள்ள கீழத்தெரு வீடு பூரா மாடியில இருந்து கெணத்துக்கு நீலக் குழாய் எறங்கிருச்சு.

எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கீக? அவ மொதல்லயே கீழத்தெருவுக்குப் பேசி முடிச்சுட்டுத்தான் எங்க தெருவுக்குச் சும்மா ஒப்புக்கு வந்திருக்கா. இல்லைன்னா ஒரு தடவை இல்லைன்னு சொன்னதும் அப்படியே போயிருவாளா? ரெண்டு தடவை, மூணு தடவை கேக்கணுமா இல்லையா? நம்ம வீட்டு விசேசத்துல சாப்பாடு வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா உடனே இலையை எடுத்துருவோமா?

அந்தக் கோடை பூரா பாடுதான். இசக்கிராணி அப்பத்தான் பிள்ளையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுல இருந்து வந்திருந்தா. ஆபரேசன் பண்ணிப் பெத்தவ. குடம் தூக்குனா வயித்துல புடிச்சு இழுக்குன்னு சொல்லுவா. சொல்லுவாளே தவிர தூக்காம இருக்க மாட்டா, அதையும் சொல்லணும். இடுப்புல ஒரு குடம், கையில ஒண்ணு. கதிரேசன் லோடு ஆட்டோ ஓட்டுறவன், விடியறதுக்குள்ள போயிருவான், அவனையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரு நாளு லாரித் தண்ணியைக் கொண்டாந்து வாசல்படியில தடுக்கிக் குடத்தோட விழுந்துட்டா. தண்ணி பூரா ஓடிருச்சு. எந்திரிக்காம அந்த ஈரத்துலயே உக்காந்து அழுதா. எனக்குப் பாவமா இருந்துச்சு தாயி. பெத்த மக மாதிரிதான் பாத்தேன். தைலம் தேச்சு விட்டேன். "நாளைக்கு நான் போறேன், நீ பேசாம இரு"ன்னேன். கொல்லையில வெறகு அடுக்கியிருக்கிறது எனக்குத் தெரிஞ்சுச்சு. சொல்லிரலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா இன்னும் மோசமான நாளு ஒண்ணு வரும்ல, அப்ப என்ன செய்ய? அதை நெனச்சு வாயை மூடிக்கிட்டேன்.

ஐப்பசியில கொட்டுச்சு மழை. ரெண்டு வருசத்து மழையும் ஒண்ணாச் சேந்து கொட்டுன மாதிரி. எங்க தெருவுல தண்ணி மாடியில இருந்து வாசலுக்கு வந்து, வாசல்ல இருந்து ஓடைக்குப் போயி, ஓடையில இருந்து எங்கயோ போயிருச்சு. கீழத்தெருவுல நீலக் குழாய்க்குள்ள கடகடன்னு எறங்குச்சாம். கார்த்திகையில அந்தத் தெருக்காரிக கெணத்துல வாளியை விட்டு எறைக்காளுக. எங்க தெருப் பொம்பளைக குடத்தைத் தூக்கிக்கிட்டுக் கீழத்தெருவுக்குப் போயி நிக்காளுக. வரும்போதும் போகும்போதும் என் வீட்டு வாசலை ஒரு மாதிரியாப் பாத்துட்டுப் போனாளுக. அழகம்மா நேராவே கேட்டா, "சீனியக்கா, உங்க பேச்சைக் கேட்டு எங்க அத்தையைக் கட்டில்ல கெடத்துனதுதான் மிச்சம்"ன்னா. நானா கட்டில்ல போடச் சொன்னேன்? கெணறு இல்லைன்னுதான் சொல்லச் சொன்னேன். கட்டிலு அவ மூளை.

என்ன, தண்ணியா? கொடுங்க, ஒரு மடக்கு. இது எந்தக் கம்பெனி? மூடி உங்க கையாலதான தொறந்தீக? சரி, சரி.

மழையில எங்க வெறகு பூரா நனஞ்சு போச்சு. நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருந்த நேரம், வெறகைக் காயப் போடலாம்னு இசக்கிராணி ஒவ்வொண்ணா எடுத்து வெயில்ல பரப்பியிருக்கா. நல்ல மனசுதான், யாரு இல்லைன்னா. ஆனா கேக்காம ஏன் எடுக்கணும்? எடுத்தவ கல்லையும் ஏன் நகட்டணும்? நான் வீட்டுக்கு வாரேன், பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அந்தக் கெணத்தைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கா. பிள்ளையும் உள்ள பாத்துச் சிரிக்குது, கையைக் கையை ஆட்டுது. மழைக்கு இன்னும் ஏறி நல்லா மேல வந்து கெடக்கு தண்ணி.

"அத்தை, இதுல தண்ணி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"ன்னா.

தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. அதுவுமில்லாம எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. நம்ம மாமியா எவ்வளவு கெட்டிக்காரத்தனமா வீட்டுக்குச் சேத்து வச்சிருக்கான்னு சந்தோசப்படுவான்னு நெனச்சேன். "மாசியில இருந்து தெரியும்"ன்னேன். "யாருட்டயும் மூச்சு விடாதே, உனக்கும் பிள்ளைக்கும்தான் வச்சிருக்கேன்"னேன்.

அவ என் மூஞ்சியவே பாத்தா. அந்தப் பார்வை இப்பவும் எனக்கு விளங்கல, தாயி. அப்புறம் போயி வாளியும் கயிறும் எடுத்துட்டு வந்தா. ஒரு வாளி எறைச்சா. பிள்ளையைக் கல்லு மேல நிக்க வச்சு, தலையில இருந்து கால் வரைக்கும் ஊத்து ஊத்துன்னு ஊத்துனா. இன்னொரு வாளி எறைச்சா, அதையும் ஊத்துனா. தண்ணி கொல்லை பூரா ஓடுது. துவட்டுனா, பவுடர் போட்டா, நல்ல கவுன் மாட்டுனா. தன் சேலையில நாலை எடுத்து மடிச்சு வச்சுக்கிட்டு, "போயிட்டு வாரேன் அத்தை"ன்னுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டா.

நல்லாக் கேளுங்க. தண்ணி இல்லாதப்ப அவ போகல. கோடை பூரா இருந்தா, குடம் சொமந்தா, விழுந்து எந்திரிச்சா, அப்பல்லாம் போகல. வீட்டுக்குள்ளயே தண்ணி இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்குப் போறா. அப்ப அவளுக்குத் தண்ணியா பிரச்சினை? இதுல வேற என்னமோ இருக்குங்கேன் நான். அவங்க அம்மா சொல்லிக் கொடுத்திருக்கணும்.

மறு வாரம் கதிரேசனும் போயிட்டான். நான் பெத்தவன், எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். லோடு ஆட்டோவை அந்தப் பக்கமே ஓட்டிக்கிடுறானாம். போகும்போது கெணத்துப் பக்கம் போயி நின்னு பாத்தான். "எனக்குக்கூடச் சொல்லலையேம்மா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அப்பயிருந்து அந்த வீட்டுல நான் ஒத்தையில கெடக்கேன். பிள்ளை இப்ப நடக்குறாளாம். போன்ல காட்டுனான், தத்தக்கா பித்தக்கான்னு சுவரைப் புடிச்சுக்கிட்டு வாரா. எங்க வீட்டுத் தரையில அவ நடந்து நான் பாக்கல.

போன வாரம் கதிரேசன் போன்ல பேசுனான். இசக்கிராணி வரச் சம்மதிச்சுட்டாளாம், ஆனா ஒரு சொல்லு சொல்லியிருக்காளாம். "கெணத்தைத் தொறந்து விடணும். தெருவுல யாரு வந்தாலும் எறைச்சுக்கிடட்டும். ஜெசிந்தா மேடம் தை மாசம் மறுபடியும் நம்ம தெருவுக்கு வாராங்க. அத்தையே அவங்களைக் கூப்பிட்டுக் கெணத்தைக் காட்டட்டும். அன்னைக்கே பிள்ளையைத் தூக்கிட்டு வந்துருவேன்."

எனக்கு அப்படியே பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்ச மாதிரி ஆயிருச்சு. ஜெசிந்தா மறுபடியும் வாரது முக்கூடல்ல இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டியிருக்குன்னு கதிரேசன் சொல்றான். யாரு போர்டைப் படிக்கா? இசக்கிராணி காலேசு படிச்சது எங்க தெரியுமா? தூத்துக்குடி. ஜெசிந்தா எந்த ஊரு? தூத்துக்குடி. இப்ப விளங்குதா? ரெண்டு பேரும் ஒரே கூட்டு. என் கெணத்துக்குத்தான் ஆதியில இருந்து இவ்வளவு வேலையும் நடந்திருக்கு.

நாலஞ்சு நாளு யோசிச்சேன். தொறந்து விட்டா தெருவே வந்து நிக்கும், எவ எனக்குத் தண்ணி மிச்சம் வைப்பா? அதோட, இல்லைன்னு சொன்ன வாயால அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இருக்குன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? தெருவுல தலை நிமுந்து நடக்க முடியுமா? தொறக்கலைன்னா பேத்தி வர மாட்டா. ரெண்டு பக்கமும் இடிக்குது. அப்புறம்தான் ஒரு வழி தெரிஞ்சுச்சு. இவ்வளவு நாளா இது எப்படித் தெரியாம இருந்துச்சுன்னு இருக்கு. சண்டை எதனால? கெணத்தால. கெணறு இருந்தாத்தான சண்டை?

நேத்து மூடிட்டேன் தாயி.

சும்மா கல்லைப் போட்டு இல்ல. டிராக்டர் வச்சு, குவாரியில இருந்து சரள் மண்ணு அடிச்சு. டிராக்டர்க்காரன் எட்டிப் பாத்துட்டு, "பெரியம்மா, உள்ள தண்ணி கெடக்கே"ன்னு ரெண்டு தடவை கேட்டான். "கொட்டுறது மட்டும் உன் சோலி"ன்னேன். அவன் கொட்டக் கொட்ட, தண்ணி மேல வருது. மண்ணு உள்ள போகப் போக அது மேல மேல வருது. கடைசியில கயிறே வேண்டாம், கையால மொண்டுக்கிடலாம் போல வந்து நின்னுச்சு. அவ்வளவு தண்ணி அதுக்குள்ள இருந்திருக்குன்னு எனக்கே நேத்துத்தான் தெரியும். அழகம்மா குடத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தா. "அக்கா, நிறுத்தச் சொல்லுங்க அக்கா"ன்னு என் கையைப் புடிக்கா. கலங்கல் தண்ணியை ஒரு குடம் மொண்டுட்டும் போனா. அதுக்கு மேல நாலு நடை மண்ணு விழுந்ததும் எல்லாம் அடங்கிப்போச்சு. மேல நல்லா மிதிச்சு, சாணி தெளிச்சு விட்டேன். பேத்தி வெளையாட எடம் ஆச்சு.

இனி ஜெசிந்தா வரட்டும், டேப்பைக் கொண்டாரட்டும். எங்க வீட்ல கெணறு இல்லைன்னு சொன்னேன்ல, இல்லதான். யாரு வந்து பாத்தாலும் இல்ல. நான் பொய் சொன்னவ இல்லைன்னு ஆயிருச்சுல்ல. இசக்கிராணிக்கும் இனிச் சொல்ல ஒரு காரணம் கெடையாது. மறைச்சு வச்சாகங்கிறதுதான அவ கோவம்? இப்ப மறைக்க ஒண்ணும் இல்ல. இனி எல்லாரும் சேந்து லாரிக்கு நிப்போம், முன்ன மாதிரி. அவ குடத்தை நானே தூக்குறேன். அவ பிள்ளையை வச்சுக்கிட்டு வீட்டுல இருந்தாப் போதும்.

என்ன தாயி? ஏன் அப்படிப் பாக்கீக? அன்னைக்கு அவ பாத்தாளே, அதே மாதிரி பாக்கீக.

சரி, விடுங்க. திருநெல்வேலி வந்துருச்சு போல. உங்கள்ட்ட ஒரு ஒதவி கேக்கணும். உங்க போன்ல இருந்து இசக்கிராணி நம்பருக்கு ஒரு தடவை போட்டுத் தாங்களேன். என் நம்பரைக் கண்டா எடுக்க மாட்டேங்கா. திருநெல்வேலியில முக்கூடல் பஸ் ஏறி வாரேன், பிள்ளையைத் தூங்கப் பண்ணிராதேன்னு மட்டும் சொல்லிருங்க. நடந்து வாரதை நான் பாக்கணும். கெணத்தை மூடுன விசயத்தை மட்டும் நீங்க சொல்லிராதீக, அதை நான் நேர்ல சொல்லிக்கிடுறேன். கேட்டா ரொம்பச் சந்தோசப்படுவா.